சிறுநீர்ப்பை வலிக்கான பரிசோதனைகள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை வேண்டாம் என்று சொல்லலாம்

மாதக்கணக்கில் அடிவயிற்றில் வலி, அரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம், சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் எடுத்தால் ஒவ்வொரு முறையும் ‘நோ குரோத்’, அதாவது எதுவும் வளரவில்லை. இந்த நிலையில் இருக்கும் பெண்கள் லேபிலும் ஸ்கேன் சென்டரிலும் கொடுக்கும் காசில் நிறைய வீணாகப் போகிறது. அவர்களுக்கு எழுதித் தரப்படும் பரிசோதனைகளையும், மருந்துக் கடையில் கிடைக்கும் சோதனைப் பட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, எது எதைச் சொல்லும், எங்கே தவறும் என்று இங்கே பார்த்திருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் இடம், வீட்டிலேயே எழுதும் சிறுநீர்க் குறிப்பேட்டுக்கு. அடுத்தது, முறையாகப் பிடித்துக் கொடுத்த யூரின் கல்ச்சர். சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி எல்லோருக்கும் வேண்டாம். வேண்டியவர்களுக்கு அதற்கு மாற்று எதுவும் கிடையாது. பொட்டாசியம் சோதனையை யார் எழுதிக் கொடுத்தாலும் மறுத்துவிடலாம்.

இந்த நோயை இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ் அல்லது பிளாடர் பெயின் சிண்ட்ரோம் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். பேச்சில் சுருக்கமாக ஐ.சி. சிறுநீர்ப்பையோடு தொடர்புடையதாகத் தோன்றும் வலி, அழுத்தம் அல்லது அசௌகரியம் 6 வாரத்துக்கு மேல் நீடிக்கிறது. கூடவே அடிக்கடி போவது, அடக்க முடியாத உந்துதல் போன்ற தொல்லைகளும் உண்டு. கிருமித்தொற்றோ வேறு காரணமோ கண்டுபிடிக்க முடியவில்லை. அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல் ஏற்றிருக்கும் வரையறை ஏறக்குறைய இதுதான். ‘ஐ.சி. பாசிட்டிவ்’ என்று அச்சடித்துத் தரும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை. வலியின் போக்கைப் பிடிப்பது, மற்ற நோய்களை ஒவ்வொன்றாக விலக்குவது, இந்த இரண்டும் சேர்ந்துதான் நோயறிதல்.

சிறுநீர்க் குறிப்பேடு

தேவையானவை: அளவுக் கோடு போட்ட அரை லிட்டர் பிளாஸ்டிக் குவளை, ஒரு நோட்டு, பேனா. குவளையில் 25 மி.லி.க்கு ஒரு கோடாவது இருக்க வேண்டும். 100-க்கு ஒரு கோடு மட்டும் உள்ளதை வாங்காதீர்கள், ஐ.சி. உள்ள பெண்கள் ஒரு தடவைக்குப் போகும் அளவே பல நேரம் 100-ஐத் தாண்டாது. இந்திய டாய்லெட்டுக்கு அகல வாய் உள்ள குவளை வசதி. வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு இருக்கைக்கு அடியில் வைக்கும் தொப்பி வடிவ அளவுப் பாத்திரம் சர்ஜிகல் கடைகளில் கிடைக்கும்.

ஒவ்வொரு தடவையும் நான்கு விஷயம் எழுத வேண்டும்: மணி, அளவு, போவதற்கு முன் வலி 10-க்கு எத்தனை, போன பிறகு எத்தனை. குடித்தவற்றைப் பக்கத்தில் தனியாகக் குறியுங்கள். மாதவிலக்கு நாளாக இருந்தால் அதையும் குறிக்க வேண்டும். அமெரிக்க வழிகாட்டுதல் குறைந்தபட்சம் ஒரு நாள் போதும் என்கிறது. நாங்கள் மூன்று நாள் சொல்வோம். அவை தொடர்ந்து வர வேண்டியதில்லை, அதில் ஒன்று வேலைக்குப் போகும் நாளாக இருக்கட்டும்.

ஒரு நாள் பக்கம் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: காலை 5.40, 110 மி.லி., முன்பு 7, பின்பு 3. 6.50, 80 மி.லி., 6, 3. 7.45, 70 மி.லி., 6, 2. காபிக்குப் பிறகு 8.20, 50 மி.லி., 8, 5. இரவில் நான்கு தடவை, எல்லாமே 90-லிருந்து 120-க்குள். 24 மணி நேரக் கூட்டுத்தொகை 1,600. இந்த ஒரு பக்கத்திலேயே நிறைய விஷயம் இருக்கிறது. மொத்த அளவு சாதாரணம்; ஆகவே உடல் அதிகமாகச் சிறுநீரை உற்பத்தி செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் அளவு குறைவு, இரவிலும் அப்படியே. பை நிரம்ப நிரம்ப வலி ஏறுகிறது, காலியானதும் இறங்குகிறது, ஆனால் பூஜ்யத்துக்கு வருவதில்லை. ஐ.சி.யின் வழக்கமான முகம் இதுதான்.

மாறாக, ஒவ்வொரு தடவையும் 300, 400 என்று வந்து, நாளின் மொத்தம் 3 லிட்டரை எட்டினால் பார்வை வேறு பக்கம் திரும்ப வேண்டும்: சர்க்கரை, அளவுக்கு மீறிய தண்ணீர், நீர்பிரி மாத்திரை. பகலில் 60, 70 என்று போகிறவர் இரவில் எழாமல் தூங்கி, காலையில் 400 மி.லி. போகிறார் என்றால், அந்தப் பைக்கு 400 கொள்ளும் திறன் இருக்கிறது என்று பொருள்; பகல் தொல்லைக்குப் பழக்கமோ பதற்றமோ காரணமா என்றும் பார்க்க வேண்டும். வலி பெரிதில்லை, ‘கசிந்துவிடுமோ’ என்ற பயத்தில்தான் ஓடுகிறார் என்றால் அது பெரும்பாலும் ஓவர்ஆக்டிவ் பிளாடர், அதாவது பை தேவையில்லாமல் அவசரப்படுத்தும் வேறொரு கோளாறு. அதற்கு மருந்தும் வேறு.

எங்கே கெடுகிறது? ராத்திரி உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதுவதால்தான் முதலில் கெடுகிறது. எல்லா அளவும் 100, 100, 100 என்று இருந்தால் டாக்டர் அந்த நோட்டை நம்ப மாட்டார். இரண்டாவது, குறிப்பெழுதும் நாளில் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது. வழக்கமாகக் குடிப்பதைக் குடிக்க வேண்டும். ஆபீசிலோ பஸ் பயணத்திலோ அளக்க முடியாவிட்டால் மணியை மட்டும் எழுதி அளவு இடத்தில் ஒரு கோடு போடுங்கள். ஊகித்து எண் போட வேண்டாம்.

உணவுக்கும் இதே நோட்டு உதவும். காபி, டீ, எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி, மிளகாய்க் காரம், சோடா பானங்கள் பலருக்கு வலியைக் கிளறும். எல்லோருக்கும் எல்லாமும் அல்ல. சில வாரம் இவற்றை நிறுத்திவிட்டு, ஒன்றொன்றாகத் திரும்பச் சேர்த்து, வலி எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஒரே நாளில் ரசம், காபி, எலுமிச்சை சாதம் மூன்றையும் சேர்த்தால் எது காரணம் என்று தெரியாது. பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் ஆயுளுக்கும் விட்டு, தயிர்சாதத்திலேயே காலம் தள்ளி இளைத்துப்போகும் பெண்கள் இருக்கிறார்கள். அதற்கு எந்த அவசியமும் இல்லை.

சோதனைப் பட்டைகள்

மருந்துக் கடையில் ‘யூரின் ஸ்டிரிப்’ கேட்டால் பெரும்பாலும் யூரிஸ்டிக்ஸ் கொடுப்பார்கள். அது சர்க்கரையையும் புரதத்தையும் மட்டும் பார்க்கும். இந்தப் பிரச்சினைக்கு அதனால் பயனில்லை. வேண்டியது லூகோசைட் (வெள்ளை அணு), நைட்ரைட், ரத்தம் மூன்றும் உள்ள பத்துக் கட்டப் பட்டை. டப்பாவின் பக்கவாட்டில் இருக்கும் வண்ண அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள்.

நைட்ரைட் கட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கிருமி நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற, சிறுநீர் பைக்குள் ஏறக்குறைய 4 மணி நேரமாவது தங்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை போகிறவருக்குக் கிருமி இருந்தாலும் அந்தக் கட்டம் நிறம் மாறாமல் போகலாம். ஆகவே ‘நைட்ரைட் நெகட்டிவ், தொற்று இல்லை’ என்ற முடிவு இவர்களுக்குச் செல்லாது. வைட்டமின் சி மாத்திரை அதிகம் எடுப்பவர்களுக்கு ரத்தக் கட்டமும் நைட்ரைட் கட்டமும் பொய்யாக நெகட்டிவ் காட்டக்கூடும். எரிச்சலுக்கு பினாசோபைரிடின் மாத்திரை போட்டிருந்தால் சிறுநீரே ஆரஞ்சு நிறத்தில் வரும். பட்டையின் நிறங்களை நம்பிப் படிக்கவே முடியாது. வெள்ளைப்படுதல் கலந்தால் லூகோசைட் கட்டம் பொய்யாகப் பாசிட்டிவ் ஆகும். டப்பா மூடியைத் திறந்து பாத்ரூமில் வைத்தால் ஈரக்காற்றில் பட்டைகள் கெட்டு, நைட்ரைட் தானாகவே இளஞ்சிவப்பாகிவிடும்.

படிக்கும் நேரமும் முக்கியம். டப்பாவில் போட்டிருக்கும் நொடிக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலான பட்டைகளில் நைட்ரைட்டுக்கு 60 நொடி, லூகோசைட்டுக்கு 2 நிமிடம். பத்து நிமிடம் கழித்துப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை. வலி திடீரென்று ஏறும் நாளில், ஓடிப்போய் ஆன்டிபயாட்டிக் வாங்குவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ள இந்தப் பட்டை உதவும். அதற்கு மேல் இதற்கு மதிப்பெண் இல்லை.

ரொட்டீனும் கல்ச்சரும்

யூரின் ரொட்டீன் ரிப்போர்ட்டில் பலரும் ‘பஸ் செல்ஸ்’ (சீழ் அணுக்கள்) வரியை மட்டும் பார்க்கிறார்கள். அதற்கு அடுத்த வரியான ‘எபிதீலியல் செல்ஸ்’ (மேற்தோல் அணுக்கள்) அதே அளவு முக்கியம். பஸ் செல்ஸ் 6–8, எபிதீலியல் செல்ஸ் 10–15 என்று இருந்தால், பிறப்புறுப்பிலிருந்து கலந்த மாதிரியாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ரிப்போர்ட்டை வைத்து மருந்து தொடங்காமல் புதிதாகப் பிடித்துக் கொடுப்பதுதான் சரி.

பிடிக்கும் முறை: தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவித் துடைக்கவும். ஒரு கை விரல்களால் பிறப்புறுப்பின் உதடுகளை விரித்துப் பிடிக்கவும், கடைசி வரை விடக்கூடாது. முதலில் வருவதைக் கீழே விட்டு, நடுவில் வருவதை 20–30 மி.லி. ஸ்டெரைல் டப்பாவில் பிடிக்கவும். மூடியின் உட்புறத்தைத் தொடக்கூடாது. இதில்தான் ஐ.சி. உள்ளவர்களுக்குச் சிக்கல்: ஒரு தடவைக்கு வருவதே 50 மி.லி.யாக இருந்தால் நடுப்பகுதி என்று ஒன்று கிடைப்பதில்லை. அவர்கள் காலையில் எழுந்தவுடன் போகும் முதல் சிறுநீரைக் கொடுப்பது நல்லது. அதில்தான் அளவும் இருக்கும், பைக்குள் தங்கிய நேரமும் இருக்கும். டப்பா 2 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஃபிரீசரில் கூடாது. வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு மணி நேரம் கிடந்த மாதிரியில் கிருமி பெருகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டும்.

ஆன்டிபயாட்டிக் தொடங்கிய பிறகு எடுத்த கல்ச்சரில் ‘நோ குரோத்’ வந்தால் அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. மூன்று நான்கு வகைக் கிருமி கலந்து வந்தால் அது பெரும்பாலும் மாதிரி கலந்ததற்கான அடையாளம். ஒரு மி.லி.க்கு 1 லட்சம் கிருமி என்பது பழைய எல்லைக்கோடு. தெளிவான அறிகுறி உள்ள பெண்ணுக்கு ஒரே வகைக் கிருமி அதைவிடக் குறைந்த எண்ணிக்கையில் வளர்ந்தாலும் அது நிஜத் தொற்றாக இருக்கலாம். அறிகுறிகளை விண்ணப்பத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

கல்ச்சர் இல்லாமலேயே ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று ஐந்தாறு தடவை ஆன்டிபயாட்டிக் போட்டுவிட்டு வருவதுதான் இந்த நோயில் அடிக்கடி நடப்பது. மாத்திரை போட்ட வாரத்தில் வலி குறைந்ததே என்பார்கள். ஐ.சி. வலி தானாகவே ஏறி இறங்கும் குணம் உள்ளது; குறைந்ததை வைத்து தொற்று இருந்தது என்று முடிவு கட்ட முடியாது. பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் கல்ச்சர் எடுக்கப்பட்டதா, என்ன வளர்ந்தது என்று ஒரே தாளில் எழுதிக்கொண்டு போனால் யூராலஜிஸ்டின் நேரம் பாதி மிச்சமாகும்.

கிருமிகளின் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். பேனல்களும் இப்போது விற்பனைக்கு வந்துவிட்டன. ஆரோக்கியமான பெண்களின் சிறுநீரிலும் பாக்டீரியா டி.என்.ஏ. கிடைக்கும். ஆகவே நீண்ட பட்டியல் வந்தாலும் வலிக்கு அவைதான் காரணம் என்று ஆகிவிடாது. வழக்கமான கல்ச்சருக்குப் பதிலாக இதற்குக் காசு கொடுக்க நாங்கள் சொல்ல மாட்டோம்.

நம் ஊரில் விடக்கூடாதது

பஸ் செல்ஸ் நிறைய, கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. திரும்பத் திரும்ப இப்படி வந்தால் இந்தியாவில் முதலில் நினைவுக்கு வர வேண்டியது சிறுநீர்ப் பாதைக் காசநோய். அதுவும் பையைச் சுருக்கி, வலியையும் அடிக்கடி போகும் தொல்லையையும் கொடுக்கும், ஐ.சி. என்று நினைத்து வருடக்கணக்கில் விட்டால் சிறுநீரகமே பழுதாகும். சாதாரண கல்ச்சரில் காசநோய்க் கிருமி வளராது. குறைந்தது மூன்று நாள், காலை முதல் சிறுநீர் முழுவதையும் பிடித்துக் கொடுக்க வேண்டும். இங்கே நடுப்பகுதி மட்டும் போதாது. காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையைக் கேளுங்கள். தேசியக் காசநோய்த் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

ஸ்கேன்

அடிவயிற்று ஸ்கேன் கல்லையும், போன பிறகு பையில் மிஞ்சும் சிறுநீரையும், கர்ப்பப்பை, சினைப்பைக் கட்டிகளையும் பார்க்க வேண்டியதுதான். ஒரு தடவை போதும். ஐ.சி.யில் அது பெரும்பாலும் நார்மலாகவே வரும். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்வது இவர்களுக்குக் கொடுமை. ‘எனக்கு 150 மி.லி.க்கு மேல் தாங்காது, முதலில் பார்த்துவிடுங்கள்’ என்று குறிப்பேட்டைக் காட்டிச் சொல்லலாம். பை சரியாக நிரம்பாதபோது அதன் சுவர் தடித்துத் தெரியும். ‘வால் திக்கன்டு, சிஸ்டைட்டிஸ்’ என்று ரிப்போர்ட்டில் வரும் வரி பல நேரம் இதனால்தான்.

விரல் பரிசோதனை

மெஷின் இல்லாத, காசு அதிகம் ஆகாத, ஆனால் அடிக்கடி விட்டுப்போகிற பரிசோதனை இது. டாக்டரோ பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டோ ஒற்றை விரலால் இடுப்புத்தள தசைகளை ஒவ்வொரு பக்கமாக அழுத்திப் பார்க்கிறார். அங்கே அழுத்தும்போது ‘இதேதான் என் வலி’ என்று பெண் சொன்னால், வலியில் ஒரு பங்கு இறுகிய தசையிலிருந்து வருகிறது. இவர்களுக்குக் கீகல் பயிற்சி எழுதிக் கொடுக்கக்கூடாது. ஏற்கனவே இறுகியிருப்பதை அது இன்னும் இறுக்கும். தேவைப்படுவது தசையைத் தளர்த்தும் சிகிச்சை. 2012-இல் வெளியான, 81 பெண்களைக் கொண்ட ஒரு அமெரிக்க ஆய்வில், இப்படி இடுப்புத்தள தசைக்கு பிசியோதெரபி பெற்றவர்களில் 59 சதவீதத்தினர் நல்ல முன்னேற்றம் சொன்னார்கள். பொதுவான மசாஜ் பெற்றவர்களில் 26 சதவீதம். இந்தப் பரிசோதனை நடக்கவில்லை என்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வலி மாதவிலக்கோடு சேர்ந்து ஏறினால் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) பற்றியும் அதே அறையில் கேட்டுவிடலாம். இரண்டும் ஒன்றாக இருப்பது உண்டு.

கேள்வித்தாள்கள்

1997-இல் வந்த ஓ’லியரி–சான்ட் கேள்வித்தாளில் நான்கு நான்காக இரண்டு பகுதி. அறிகுறிக்கு 20, தொல்லைக்கு 16 அதிகபட்சம். சிகிச்சை பலிக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒப்பிட அருமையான கருவி. நோய் இருக்கிறதா என்று முடிவு செய்ய இது உதவாது. கல் இருப்பவருக்கும் தொற்று இருப்பவருக்கும் மதிப்பெண் உயரும்.

பொட்டாசியம் சோதனை

பைக்குள் முதலில் தண்ணீர், பிறகு 40 மி.லி. பொட்டாசியம் குளோரைடு கரைசல் விட்டு, எது வலிக்கிறது என்று கேட்பார்கள். வலியைக் கிளப்புவதே சோதனை. ஐ.சி. உள்ள பலருக்கு நெகட்டிவ் வரும், வேறு நோய் உள்ளவர்களுக்குப் பாசிட்டிவ் வரும். முடிவு எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறாது. அமெரிக்க வழிகாட்டுதலே இதைப் பரிந்துரைக்கவில்லை. பையின் அழுத்தத்தையும் சிறுநீர் ஓட்டத்தையும் அளக்கும் யூரோடைனமிக்ஸும் வழக்கமாகத் தேவையில்லை. சிறுநீர் அடைப்பு, நரம்புக் கோளாறு போன்ற சந்தேகம் இருந்தால் மட்டும்.

சிஸ்டோஸ்கோபி

பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கய் ஹன்னர் 1915-இல் விவரித்த புண்ணைக் கண்டுபிடிக்க இன்றும் ஒரே வழி, உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பதுதான். சிவந்த ஒரு திட்டு, நடுவில் வெளிறிய தழும்பு, அதை நோக்கி ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள். பையை நீர் நிரப்பி விரித்தால் அந்த இடம் வெடித்து ரத்தம் வழியும். ஐ.சி. உள்ளவர்களில் சிறு பகுதியினருக்கே இது உண்டு. 50 வயதைத் தாண்டியவர்களிடம் அதிகம். இது இருந்தால் சிகிச்சையே மாறுகிறது. அந்த இடத்தைக் கரித்தாலோ அதில் டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டாலோ பலருக்கு மாதக்கணக்கில் நிம்மதி கிடைக்கிறது. வலி திரும்பினால் மறுபடி செய்யலாம். ஆகவே அந்த வயதில் இருப்பவர்கள், மாத்திரை மாத்திரையாக மாற்றியும் பலன் காணாதவர்கள், சிறுநீரில் ரத்தம் போகிறவர்கள், புகை பிடிப்பவர்கள் சிஸ்டோஸ்கோபியைத் தள்ளிப்போட வேண்டாம். கடைசி இரண்டு பிரிவினருக்குப் புற்றுநோயை விலக்குவதும் இதில் அடக்கம்; தேவைப்பட்டால் சிறுநீரில் புற்று அணுக்களைத் தேடும் சைட்டாலஜியும் சேர்த்து.

பெண்களின் சிறுநீர்க்குழாய் 4 செ.மீ. அளவுதான். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல்லி போட்டு சில நிமிடம் காத்திருந்தால், பார்க்க மட்டும் என்றால் அவுட்பேஷன்டாகவே முடித்துவிடலாம். பையை விரித்துப் பார்ப்பது வேறு. அதற்கு மயக்கம் வேண்டும். 60–80 செ.மீ. நீர் அழுத்தத்தில், 10 நிமிடத்துக்குக் குறைவாக விரிப்பதுதான் பாதுகாப்பான முறை. அதிக அழுத்தத்தில் நீண்ட நேரம் விரித்தால் பை கிழியும் அபாயம் உண்டு. எதுவாக இருந்தாலும் முந்தைய வாரத்தில் எடுத்த கல்ச்சர் கிளீனாக இருக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் மக்களைத் தவறாக வழிநடத்தும் வரி ஒன்று உண்டு: ‘குளோமெருலேஷன்ஸ் சீன்’. விரித்த பிறகு பைச் சுவரில் தெரியும் புள்ளிப் புள்ளியான ரத்தக்கசிவுகள் இவை. 1970-களின் கடைசியிலிருந்து இவற்றை ஐ.சி.யின் முத்திரையாக நினைத்தார்கள். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு வந்த, சிறுநீர்த் தொல்லை எதுவுமே இல்லாத பெண்கள் பலரிடமும் இதே புள்ளிகள் தெரிந்தன. எதிர்ப்பக்கமும் உண்டு: கடும் வலி உள்ள பலருக்கு ஒரு புள்ளிகூடத் தெரிவதில்லை. ஆராய்ச்சிக்காக 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் வகுத்த கறாரான அளவுகோல்களை அப்படியே நோயாளிகளிடம் பொருத்தியபோது, 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுபட்டுப்போனார்கள். ‘உள்ளே பார்த்தோம், நார்மல், உங்களுக்கு ஒன்றும் இல்லை’ என்று அனுப்பிவைப்பது மருத்துவ ரீதியாகத் தவறு. ஹன்னர் புண் இல்லை, கல் இல்லை, கட்டி இல்லை என்பதுதான் அந்த நார்மலின் பொருள். வலி நிஜம், சிகிச்சையும் தொடர வேண்டும்.

தேதி வாங்கும் முன் யூராலஜிஸ்டிடம் கேட்க வேண்டிய கேள்வி: ‘ஹன்னர் புண் இருந்தால் அதே மயக்கத்தில் கரித்துவிடுவீர்களா, ஊசி போடுவீர்களா?’ ‘முதலில் பார்ப்போம், அப்புறம் இன்னொரு தடவை வாருங்கள்’ என்றால் இரண்டு மயக்கம், இரண்டு பில். சம்மதப் படிவத்தில் அந்தச் சிகிச்சையையும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்ததும் ரிப்போர்ட்டில் இவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே பாருங்கள்: மயக்கத்தில் பை கொண்ட அளவு எத்தனை மி.லி., எந்த அழுத்தத்தில் எத்தனை நிமிடம், புண் உண்டா, எத்தனை, எந்தப் பக்கம், பயாப்ஸி எடுத்தார்களா. படங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த டாக்டர் அதைப் பார்த்தே முடிவு செய்துவிட்டால் இன்னொரு தடவை உள்ளே போக வேண்டியிருக்காது. வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றிரண்டு நாள் எரிச்சலும் லேசான ரத்தமும் இருக்கும். குளிர் காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கட்டியாகப் போனாலோ, சிறுநீரே வராமல் நின்றாலோ அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும்.